கோப்புகளுக்குள் தேடுவோருக்கு: கிரெப் கட்டளையில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கிரெப் என்ற கட்டளை 1973 நவம்பரில் வந்த யூனிக்ஸ் நான்காம் பதிப்பின் கையேட்டில் இடம்பெற்றது. எழுதியவர் கென் தாம்ப்சன். பெல் ஆய்வகத்தில் அவருடன் பணியாற்றிய லீ மக்மஹன், அமெரிக்காவின் ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் எதை யார் எழுதினார் என்று ஆராய விரும்பினார். அந்த உரை அன்றைய 'எட்' எடிட்டருக்குள் அடங்காத அளவுக்குப் பெரியது. எடிட்டரில் இருந்த தேடும் பகுதியைத் தாம்ப்சன் தனியே பிரித்து ஒரு கருவியாக்கிக் கொடுத்தார் என்று அவர்களின் சகா பிரையன் கெர்னிகன் சொல்லியிருக்கிறார். இன்று புரோகிராமர்களும் சர்வர் நிர்வாகிகளும் நாள்தோறும் கையாளும் இந்தக் கருவி, ஒரு நூலுக்குள் சொற்களைத் தேடுவதற்காகப் பிறந்தது. நூல் தொகுப்போர், பிழை திருத்துவோர், அகராதி வேலை செய்வோர் எல்லாருக்கும் அது உரியது.

கிரெப்பிடம் ஒரு குணம் உண்டு. தேடியது கிடைக்கவில்லையென்றால் ஒரு சொல்லும் சொல்லாமல் முடிந்துவிடும். உண்மையிலேயே அந்தச் சொல் கோப்பில் இல்லாமல் இருக்கலாம். நாம் தேடிய விதம் தவறாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வெறும் திரையைப் பார்த்து "இல்லை" என்று முடிவுகட்டியதால் திருத்தப்படாமல் போன பிழைகளும் பதிவாகாமல் போன சொற்களும் ஏராளம். அந்த இரண்டையும் பிரித்தறிய உதவுவதே இந்தப் பட்டியலின் நோக்கம்.

கட்டளைகளையும் ஆப்ஷன்களையும் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டச்சிடும்போது ஆங்கில எழுத்துகளாக இடுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் 'கேப்பிட்டல்' என்ற குறிப்பு இருக்கும். மற்றவை சிறிய எழுத்துகள். லினக்ஸில் இருக்கும் குனு கிரெப்பை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

1. தேடுசொல்லை எப்போதும் ஒற்றை மேற்கோளுக்குள் இடுங்கள். நாம் தட்டச்சிடும் வரியை முதலில் படிப்பது ஷெல். அதன் பிறகுதான் அது கிரெப்பின் கைக்குப் போகிறது. இடைவெளி, *, $, | ஆகியவற்றை மேற்கோள் இல்லாமல் எழுதினால் ஷெல் தனக்குரிய கட்டளையாக எடுத்துக்கொள்ளும். இவற்றைவிட ஆபத்தானது > குறி. ஒரு மின்னஞ்சல் கோப்பில் > உள்ள வரிகளைத் தேட நினைத்து, மேற்கோள் இல்லாமல் அந்தக் குறியையும் அடுத்துக் கோப்பின் பெயரையும் எழுதினால், கிரெப் ஓடத் தொடங்கும் முன்பே ஷெல் அந்தக் கோப்பைக் காலிசெய்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது.

2. நேர்ச்சொல்லைத் தேடும்போது -கேப்பிட்டல் எஃப் சேருங்கள். கிரெப்புக்குப் புள்ளி என்பது "ஏதேனும் ஓர் எழுத்து". 192.168.1.1 என்று தேடினால் 192.168.101 என்ற எண்ணும் வந்து நிற்கும். இந்த ஆப்ஷன் இருந்தால் புள்ளி புள்ளியாகவே, அடைப்புக்குறி அடைப்புக்குறியாகவே தேடப்படும். ஐபி முகவரி, கோப்புப் பெயர், விலை, புரோகிராம் வரி ஆகியவற்றுக்கு இதுவே சரி.

3. பல சொற்களில் ஒன்றைத் தேடும்போது -கேப்பிட்டல் இ சேருங்கள். 'பிழை|எச்சரிக்கை' என்ற வடிவம், அந்த ஆப்ஷன் இருந்தால் இரண்டில் எது இருந்தாலும் கொண்டுவரும். இல்லாவிட்டால் நடுவில் ஒரு செங்குத்துக் கோடோடு அப்படியே எழுதப்பட்ட தொடரைத் தேடும். ஒன்றும் கிடைக்காது, ஏன் என்றும் சொல்லாது. + குறிக்கும் இதே கதிதான்.

4. எங்கே தேட வேண்டும் என்பதைக் குறுக்கிச் சொல்லுங்கள். -ஆர் கொடுத்தால் ஃபோல்டருக்குள் உள்ள ஃபோல்டர்கள் வரை கிரெப் இறங்கிப் பார்க்கும். கூடவே --இன்க்ளூட் மூலம் எந்த வகைக் கோப்புகள் என்பதையும், --எக்ஸ்க்ளூட்-டிர் மூலம் எந்த ஃபோல்டர்கள் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். நேரம் மிச்சமாகும், வேண்டாத வரிகளுக்கு நடுவே வேண்டிய வரி புதைந்துபோகாது.

5. முதல் பார்வைக்கு -எல் போதும். பெரிய தொகுப்பில் நேரடியாக வரிகளைக் கொட்டவிடாமல், எந்தெந்தக் கோப்புகளில் சொல் இருக்கிறது என்று பெயர்களை மட்டும் வாங்குங்கள். -கேப்பிட்டல் எல் இதற்கு நேர் எதிர்: சொல் இல்லாத கோப்புகளின் பெயரைத் தரும். எல்லாக் கோப்பிலும் இருக்க வேண்டிய உரிம வரியோ தலைப்போ எதில் விடுபட்டிருக்கிறது என்று பார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

6. பிறகு வரி எண்ணும் சூழலும் கேளுங்கள். -என் வரி எண்ணைத் தரும். -கேப்பிட்டல் சி 3 என்றால் முன்னும் பின்னும் 3 வரிகள் சேர்ந்து வரும். லாக் கோப்பில் பிழை பதிவான வரியைவிட, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லும். பாடல் வரியைத் தேடுவோருக்கும் அப்படித்தான்; ஒற்றை வரியை வைத்துப் பொருள் கொள்ள முடியாது.

7. ஆங்கில லாக்கில் -ஐ சேருங்கள். ஒரே செய்தியை ஒரு புரோகிராம் பெரிய எழுத்திலும் இன்னொன்று சிறிய எழுத்திலும் எழுதும். தமிழில் அந்த வேறுபாடு இல்லை என்பதால் தமிழ்த் தேடலுக்கு இது தேவைப்படாது.

8. ஹைஃபனில் தொடங்கும் சொல்லுக்கு முன் -இ இடுங்கள். இல்லையென்றால் தேடுசொல்லையே கிரெப் ஆப்ஷன் என்று எடுத்துக்கொள்ளும்.

9. பழைய லாக்குகளையும் சேர்த்துத் தேடுங்கள். சர்வர்கள் பழைய லாக்கைச் சுருக்கி வைக்கும். சுருக்கிய கோப்பில் சாதாரண கிரெப்புக்கு எதுவும் தெரியாது. அங்கே இசட்கிரெப் பயன்படுத்துங்கள்.

10. முடிவு எண்ணைப் பாருங்கள். தேடல் முடிந்ததும் எக்கோ $? என்று கேட்டால் ஓர் எண் வரும். 0 என்றால் கிடைத்தது. 1 என்றால் கிடைக்கவில்லை. 2 என்றால் தேடலில் பிழை: கோப்பைத் திறக்க முடியவில்லை, வடிவம் தவறு என்பது போன்றவை. திரை வெறுமையாக இருக்கும்போது 1-க்கும் 2-க்கும் உள்ள வேறுபாடுதான் உண்மையைச் சொல்லும். ஸ்கிரிப்ட் எழுதுவோர் இந்த மூன்றையும் தனித்தனியே கையாள வேண்டும்.

11. இருப்பது உறுதியான ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். கோப்பை எடிட்டரில் திறந்து, கண்ணுக்குத் தெரியும் ஒரு சொல்லைத் தேர்ந்து, அதே ஆப்ஷன்களோடு அதே இடத்தில் தேடுங்கள். அது கிடைத்தால்தான் நீங்கள் தேடும் மற்ற சொல் "இல்லை" என்ற விடைக்கு மதிப்பு உண்டு.

தமிழ்க் கோப்புகளுக்குச் செய்ய வேண்டியவை

12. கோப்பு எந்தக் குறியேற்றத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தமிழ்க் கணிமை ஒரே குறியேற்றத்தில் வளரவில்லை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களே தொடக்கத்தில் ஓர் எழுத்துருவிலும், பிறகு திஸ்கியிலும், அதன்பின் யூனிகோடிலும் வந்தன. அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்புகள் இன்னும் கிடக்கின்றன. பாமினிக் கோப்பின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. அதில் யூனிகோடில் தட்டச்சிட்ட தமிழ்ச் சொல்லை எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது.

ஃபைல் என்ற கட்டளை குறியேற்றத்தை ஓரளவுக்குக் காட்டிக்கொடுக்கும். திஸ்கிக் கோப்பை லினக்ஸின் ஐகான்வ் கட்டளையே யூடிஎஃப்-8-க்கு மாற்றித் தரும். விண்டோஸிலிருந்து வந்த யூடிஎஃப்-16 கோப்புகளுக்கும் அதே வழி. பாமினி போன்றவற்றுக்கு ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் மாற்றிகள் உள்ளன. மாற்றிய பிறகு தேடுங்கள். மூலக் கோப்பை அழிக்காமல் வையுங்கள்.

13. ஒரே எழுத்து இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம் என்பதை அறிந்துகொள்ளுங்கள். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் ககரமும் ஒகரக் குறியுமாக 2 குறிகளில் எழுதலாம். ககரம், எகரக் குறி, கால் என்று 3 குறிகளிலும் எழுதலாம். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் என்பதால் முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டுகளை வைத்து ஒப்பிடும் கிரெப்புக்கு அவை வேறு வேறு. ஓகாரம், ஔகாரம் ஏறிய எழுத்துகளுக்கும் இதே சிக்கல்.

யூனிகோட் இவற்றைச் சமமானவை என்று அறிவித்து, ஒன்றாக்கும் முறையையும் வகுத்திருக்கிறது. யூகான்வ் கட்டளையில் -எக்ஸ் எனி-என்எஃப்சி என்று கொடுத்தால் கோப்பு முழுதும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். பலர் பல கருவிகளில் தட்டச்சிட்டுச் சேர்த்த தொகுப்பு என்றால், தேடும் முன் இதைச் செய்தே ஆக வேண்டும். ஆனால் 'ஔ' என்ற எழுத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சிட்டவற்றை இந்த முறை திருத்தாது; இரண்டு வடிவங்களையும் தனித்தனியே தேட வேண்டும்.

14. முழுச்சொல்லை விட்டு அடியைத் தேடுங்கள். தமிழ்ச் சொல் வேற்றுமை ஏறும்போது உருமாறும். 'வீடு' என்று தேடினால் 'வீட்டில்' கிடைக்காது. 'வீட' என்று தேடுங்கள். உகரக் குறியும் புள்ளியும் டகரத்துக்குப் பின் தனித்தனிக் குறிகளாக வருவதால் 'வீடு', 'வீட்டில்', 'வீடுகள்' மூன்றும் வந்துவிடும்.

'மரம்' அப்படி எளிதில் அகப்படாது. 'மரத்தை', 'மரங்கள்' இரண்டுக்கும் அதற்கும் பொதுவாக இருப்பது 'மர' மட்டுமே. அதைத் தேடினால் 'மரபு', 'மரணம்' எல்லாம் வந்து குவியும். 'மர[மதங]' என்று எழுதுங்கள்: மகரமோ தகரமோ ஙகரமோ தொடர்ந்தால் மட்டும் எடு என்று பொருள். அப்போதும் 'அமரத்துவம்' போன்றவை உள்ளே நுழையும். அவற்றைக் கண்ணால் பார்த்துக் கழிப்பது தேடுபவரின் வேலை. ஒன்றிரண்டு மிகையாக வருவது பரவாயில்லை; விடுபடுவதுதான் கேடு.

செய்யக்கூடாதவை

1. பிழைச்செய்திகளை மறைக்காதீர்கள். "அனுமதி இல்லை" என்ற வரிகள் எரிச்சலூட்டுகின்றன என்று அவற்றை /டெவ்/நல்-க்குத் திருப்பிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த வரிகள்தான் எந்தக் கோப்பு தேடப்படவில்லை என்று நமக்குச் சொல்பவை. "இல்லை" என்று உறுதியாகச் சொல்ல வேண்டிய தேடலில் அவற்றை மறைப்பது, விடையின் பாதியை மறைப்பதாகும்.

2. -சி தரும் எண்ணைச் சொற்களின் எண்ணிக்கை என்று எழுதாதீர்கள். அது வரிகளின் எண்ணிக்கை. ஒரே வரியில் ஒரு சொல் 3 முறை வந்தாலும் 1 என்றே கணக்காகும். சொல் எத்தனை முறை வந்தது என்று தெரிய, -ஓ கொடுத்து ஒவ்வொன்றையும் தனி வரியாக்கி, பைப் வழியாக டபிள்யூசி -எல்-க்கு அனுப்பி எண்ணுங்கள். ஆய்வுக் கட்டுரையில் எண்ணிக்கை தருவோர் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

3. கணினியின் ரூட்டிலிருந்து தேடாதீர்கள். /பிராக், /சிஸ் ஆகியவற்றுக்குள் இருப்பவை உண்மையான கோப்புகள் அல்ல. கணினியின் உள்நிலையைக் காட்டும் தோற்றங்கள். நெட்வொர்க் வழியே இணைத்த வட்டுகளும் மாட்டிக்கொண்டால் தேடல் எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. குனு கிரெப்பில் -கேப்பிட்டல் ஆர், வழியில் காணும் சிம்லிங்க்குகளையும் பின்தொடரும்; -ஆர் தொடராது. தேவை தெரியாமல் முதலாவதை எடுக்காதீர்கள்.

4. தேடிய முடிவை அதே ஃபோல்டரில் சேமிக்காதீர்கள். அடுத்த முறை தேடும்போது பழைய முடிவுக் கோப்பும் தேடப்படும், எண்ணிக்கை பெருகும். வேறு இடத்தில் சேமியுங்கள்.

5. கண்டெடுத்த கோப்புகளைப் பார்க்காமலே, கோப்பையே திருத்திவிடும் செட் -ஐ கட்டளைக்கு அனுப்பி மாற்றாதீர்கள். முதலில் பட்டியலைப் படியுங்கள், பிரதி எடுங்கள், பிறகு மாற்றுங்கள். பெயரில் இடைவெளி உள்ள கோப்புகள் பைப்பில் இரண்டாக உடையும். கிரெப்பில் -கேப்பிட்டல் இசட், பெயர்களை அடுத்த கட்டளைக்குக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸில் -0 என இரண்டையும் சேர்த்தால்தான் பெயர் முழுதாகப் போய்ச் சேரும்.

6. கடவுச்சொல்லையோ ரகசியச் சாவியையோ கட்டளை வரியில் எழுதித் தேடாதீர்கள். ஷெல்லின் ஹிஸ்டரியில் அது பதிவாகும். கட்டளை ஓடும் நேரத்தில் அதே கணினியில் உள்ள மற்றவரும் பிஎஸ் கட்டளையில் அதைப் பார்க்கக்கூடும். தேடவே வேண்டுமானால் அந்தச் சொல்லை உங்களுக்கு மட்டும் அனுமதி உள்ள ஒரு கோப்பில் எழுதி, -எஃப் வழியாகக் கொடுங்கள். அந்தக் கோப்பில் வெற்று வரி இருக்கக்கூடாது. இருந்தால் எல்லா வரிகளும் பொருந்திவிடும்.

7. பிடிஎஃப், வேர்டு கோப்புகளுக்குள் கிரெப் பார்க்கும் என்று எண்ணாதீர்கள். அவற்றில் உரை பெரும்பாலும் சுருக்கப்பட்டிருக்கும். பிடிஎஃப்-டு-டெக்ஸ்ட் கொண்டு உரையைப் பிரித்தெடுத்துத் தேடுங்கள். ஸ்கேன் செய்த பக்கங்களில் உரையே இல்லை, படம்தான் இருக்கிறது. டெசராக்ட் போன்ற ஓசிஆர் வழியாக எழுத்தாக்கிய பிறகே தேட முடியும். அப்படி எழுத்தாக்கியதிலும் பிழைகள் இருக்கும் என்பதால், அங்கே "கிடைக்கவில்லை" என்பதை ஒருபோதும் முடிந்த விடையாகக் கொள்ளக்கூடாது.

8. இரண்டு வரிகளில் பிரிந்த தொடரை ஒரே தேடலில் எதிர்பார்க்காதீர்கள். கிரெப் வரி வரியாகப் பார்க்கும் கருவி. செய்யுளில் தொடர் அடுத்த அடிக்குத் தாண்டும். சீர் பிரிக்கும் முறையும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். தொடரின் அரிய சொல் ஒன்றைத் தேடி, -கேப்பிட்டல் ஏ 1 கொடுத்து அடுத்த வரியையும் வாங்கிப் படியுங்கள்.

9. தேடல் வடிவத்தில் வரும் புள்ளியை (.) ஒரு தமிழ் எழுத்து என்று கணக்கிடாதீர்கள். கிரெப்புக்குக் 'கி' என்பது ககரம், இகரக் குறி என்று 2 குறிகள். அதைப் பிடிக்க 2 புள்ளிகள் வேண்டும். சதுர அடைப்புக்குள் 'கொ' என்று எழுதினால் அது ஓர் எழுத்தைத் தேடாது. ககரம் அல்லது ஒகரக் குறி, இரண்டில் ஒன்று என்று பொருள்கொள்ளும். உயிர்மெய்களில் ஒன்றைத் தேட -கேப்பிட்டல் இ கொடுத்து '(கொ|கோ)' என்று முழுதாக எழுதுங்கள்.

10. வேகத்துக்காக எல்சி_ஆல்=சி என்று வைத்துக்கொண்டு தமிழ் வடிவங்களைத் தேடாதீர்கள். அப்போது கிரெப் ஒவ்வொரு பைட்டையும் ஓர் எழுத்தாகக் கொள்ளும். தமிழ்க் குறிகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றுதான் என்பதால், மேலே சொன்ன 'மர[மதங]' என்ற வடிவம் 'மர'-வுக்குப் பின் எந்தத் தமிழ் எழுத்து வந்தாலும் பொருந்திவிடும். நேர்ச்சொல்லை -கேப்பிட்டல் எஃப் கொண்டு தேடினால் மட்டும் இந்தக் கேடு இல்லை.

11. முழுச்சொல் தேடும் -டபிள்யூ ஆப்ஷனைத் தமிழில் சோதிக்காமல் நம்பாதீர்கள். ஆங்கில எழுத்துகளை வைத்து வகுத்த சொல்லெல்லை, புள்ளியும் உயிர்க்குறியும் வரும் இடத்தில் தவறாக வெட்டக்கூடும். வேறு கருவிகளிலும் இந்தச் சிக்கல் உண்டு: பைத்தானின் வழக்கமான ரெஜெக்ஸ் (தேடல் வடிவ) நூலகத்தில் சொல்லெழுத்தைக் குறிக்கும் குறியீடு இந்தக் குறிகளை எழுத்தாகவே கருதாது. நான்கு சொற்கள் கொண்ட ஒரு சிறு கோப்பில் சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

12. -வி கொண்டு கழிக்கும்போது நல்ல வரிகளையும் இழக்காதீர்கள். கம்பராமாயணத்தில் 'வீட' என்று தேடினால் வீடணன் வருவான். அவனை விலக்க -வி 'வீடண' என்று கொடுத்தால், வீடணனும் வீடும் சேர்ந்து வரும் வரியும் போய்விடும். கழித்த வரிகளைத் தனியே எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள்.

13. எல்லாக் கணினியிலும் ஒரே கிரெப் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். மேக்கில் இருப்பது வேறு மரபு. பெர்ல் வகை வடிவங்களுக்கான -கேப்பிட்டல் பி அங்கே இல்லை. விண்டோஸின் ஃபைண்ட்ஸ்டர், இடைவெளியுள்ள தொடரைக் கொடுத்தால் அதில் ஏதாவது ஒரு சொல் உள்ள வரிகளைக் கொண்டுவரும். தொடராகத் தேட /சி: சேர்க்க வேண்டும். ஈகிரெப், எஃப்கிரெப் என்ற பழைய பெயர்களையும் விட்டுவிடுங்கள். 2022-இல் வந்த குனு கிரெப் 3.8 முதல் அவை எச்சரிக்கை தருகின்றன.

14. வேகமான புதிய கருவி எதைத் தாண்டிச் செல்கிறது என்று தெரியாமல் பயன்படுத்தாதீர்கள். ஆண்ட்ரூ காலண்ட் எழுதி 2016-இல் வெளியிட்ட ரிப்கிரெப் பெரிய புரோகிராம் தொகுப்புகளில் மிக விரைவானது; அதைப் பழகிக்கொள்வது நல்லது. ஆனால் பதிப்பு மேலாண்மைக் கருவியான கிட்டில் புறக்கணிக்கச் சொன்ன கோப்புகள், மறைந்த கோப்புகள், பைனரிக் கோப்புகள் ஆகியவற்றை அது தானாகவே தாண்டிவிடும். -யூயூயூ கொடுத்தால்தான் எல்லாவற்றையும் பார்க்கும். கிட் கிரெப் இயல்பாகத் தேடுவது கிட்டில் சேர்த்த கோப்புகளில் மட்டுமே.

"இல்லை" என்று எழுதும் முன்

ஒரு சொல் ஒரு நூலில் இல்லை, ஒரு பிழை லாக்கில் இல்லை, ஒரு பெயர் பட்டியலில் இல்லை என்று எழுதுவது பொறுப்பான கூற்று. அதை நம்பிப் பிறர் முடிவெடுப்பார்கள். ஆகவே நான்கு கேள்விகளுக்கு விடை வைத்திருங்கள்: முடிவு எண் 1 தானா? குறியேற்றம் சரியா? வடிவம் அடியைப் பிடிக்கிறதா? இருப்பது உறுதியான ஒரு சொல் அதே முறையில் கிடைத்ததா?

தமிழ்க் கோப்புகளைத் தொகுத்து வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். பழைய எழுத்துருக்களில் கிடக்கும் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி, ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, யூடிஎஃப்-8-இல் சேமியுங்கள். தேடினால் கிடைக்காத உரை, இருந்தும் இல்லாததுதான். நீங்கள் மாற்றி வைக்கும் ஒவ்வொரு கோப்பும் அடுத்துத் தேடப்போகிறவருக்குக் கிடைக்கும்.